2சி19 பிறபொருளெதிரி: 55 கிலோடால்டனில் தெரியும் பட்டை யாருடையது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கொழும்பில் முதுதத்துவமாணி ஆய்வு செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார். குருதி உறைவதைத் தடுக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை சில இதய நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. அதற்கு ஈரலில் உள்ள சைட்டோகுரோம் பி450 குடும்பத்து 2சி19 நொதியம்தான் காரணமா என்று அவர் பார்க்க விரும்புகிறார். அந்த நொதியத்தைப் பிடித்துக்கொள்ளவென்று முயலில் உருவாக்கிய பிறபொருளெதிரி (அன்டிபொடி) ஒன்று அவருடைய ஆய்வுகூடத்தில் இருக்கிறது. நோயாளிகளின் குருதியில் வெஸ்டர்ன் புளொட் செய்திருக்கிறார்; அதாவது புரதங்களை ஜெல்லில் திணிவு வாரியாகப் பிரித்து, ஒரு சவ்வுக்கு மாற்றி, பிறபொருளெதிரியால் தேடும் சோதனை. பிறபொருளெதிரியின் தகவல் தாளில் போட்டிருப்பதைப் போலவே 55 கிலோடால்டன் (புரதத்தின் திணிவைச் சொல்லும் அலகு) அருகே பட்டை வந்திருக்கிறது. சிலரிடம் தடிப்பாகவும் சிலரிடம் மெலிதாகவும். "இந்தப் பிறபொருளெதிரி நல்லதா? பட்டை மெலிந்தவர்களுக்கு மருந்து வேலை செய்யாது என்று எழுதலாமா?" என்பது அவர் கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அந்தப் பட்டை உண்மையில் 2சி19தானா? ஆம் என்றால், அதைத் தேட வேண்டிய இடம் குருதியா? அதுவும் சரி என்றால், புரதத்தின் அளவு அதன் வேலையைச் சொல்லுமா? ஈரல் கலங்களை உடைத்துப் பிரித்தெடுக்கும் மைக்ரோசோம் என்ற மென்சவ்வுத் துணுக்குகளோடும் இந்த வகைப் பிறபொருளெதிரிகளோடும் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நான் இதய மருத்துவன் அல்லன். ஆகவே எந்த நோயாளிக்கு எந்த மாத்திரை என்பதில் என் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் குருதி. உங்கள் சவ்வில் தெரிந்த பட்டை 2சி19 அல்ல என்றே நான் எடுத்துக்கொள்வேன். இந்த நொதியம் ஈரல் கலங்களிலும், ஓரளவுக்குச் சிறுகுடல் சுவர்க் கலங்களிலும், அகமுதலுருச் சிறுவலையின் மென்சவ்வில் ஒரு முனையை ஊன்றிக்கொண்டு இருப்பது. முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் அந்தச் சிறுவலையே கிடையாது. சீரத்தில் இதை ஒரு சாதாரண வெஸ்டர்ன் புளொட்டில் பிடிக்கும் அளவுக்கு எதிர்பார்க்கக் காரணமும் இல்லை. அப்படியானால் பட்டை எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமான ஒருவரின் குருதியில் லீற்றருக்கு 7 முதல் 16 கிராம் வரை ஐ.ஜி.ஜி. வகைப் பிறபொருளெதிரி இருக்கிறது. அதைக் குறைப்புப் பொருள் சேர்த்துச் சூடாக்கி ஜெல்லில் ஓட்டும்போது அதன் கனச் சங்கிலி பிரிந்து ஏறக்குறைய 50 கிலோடால்டனில் வந்து நிற்கும். முதலாம் பிறபொருளெதிரி, அதாவது முயலில் உருவாக்கியது, ஒட்டிய இடத்தைக் காட்ட நீங்கள் பயன்படுத்தும் இரண்டாம் பிறபொருளெதிரி முயலின் ஐ.ஜி.ஜி.யைப் பிடிக்கவென்று ஆட்டில் உருவாக்கப்பட்டது. முயலின் ஐ.ஜி.ஜி.யும் மனிதனின் ஐ.ஜி.ஜி.யும் பல பகுதிகளில் ஒத்தவை. மனித ஐ.ஜி.ஜி.யோடு ஒட்டாதபடி அது வடித்தெடுக்கப்படாவிட்டால், முதலாம் பிறபொருளெதிரியே இல்லாமலும் அது நோயாளியின் கனச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு லீற்றருக்கு 35 முதல் 50 கிராம் வரை அல்புமின் 66 கிலோடால்டனில் ஒரு பெருந்திரளாக நின்று, பக்கத்துப் பட்டைகளை நெளித்துக் கீழே தள்ளிவிடும். அப்போது 50ஐயும் 55ஐயும் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

இதை உறுதிசெய்ய ஒரு நாள் போதும். ஒரே மாதிரிகளை இரண்டு தடவை ஜெல்லில் ஏற்றி, சவ்வை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல எல்லாம் செய்யுங்கள். மற்றப் பாதிக்கு முதலாம் பிறபொருளெதிரியை மட்டும் விட்டுவிட்டு, அதே தாங்கற் கரைசலில் அதே நேரம் ஊறவிடுங்கள். இரண்டு பாதியிலும் அதே உயரத்தில் பட்டை வந்தால் விடயம் முடிந்தது: இத்தனை நாளும் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது நோயாளிகளின் ஐ.ஜி.ஜி. அளவும் நீங்கள் ஏற்றிய அளவில் உள்ள ஏற்றத்தாழ்வும்தான். இரண்டாம் பாதி வெறுமையாக இருந்தாலும் அது 2சி19 என்று ஆகிவிடாது. இரண்டாம் பிறபொருளெதிரி குற்றவாளி அல்ல என்பது மட்டுமே தெரியும்.

இனி ஈரல் மாதிரியே கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இந்தத் துறையில் வெளியான கட்டுரைகள் பலவற்றை நான் தயங்கித் தயங்கிப் படிப்பதும் இதனால்தான். மனிதனின் 10ஆம் நிறமூர்த்தத்தில் 2சி18, 2சி19, 2சி9, 2சி8 என நான்கு பரம்பரை அலகுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நான்கும் தரும் புரதங்களின் நீளம் 490 அமினோ அமிலங்கள். அவற்றில் 2சி9உம் 2சி19உம் வேறுபடுவது 43 இடங்களில் மட்டுமே. மற்ற 91 சதவீதமும் ஒன்றுதான். இரண்டின் மூலக்கூற்றுத் திணிவும் ஏறக்குறைய 56 கிலோடால்டன். ஆகவே சாதாரண ஜெல்லில் அவை ஒன்றின்மேல் ஒன்றாகவே விழும். "எதிர்பார்த்த திணிவில் ஒரே ஒரு பட்டை" என்று தகவல் தாள் பெருமையாகச் சொல்வது இந்தக் குடும்பத்தில் எதையும் நிரூபிப்பதில்லை. இரண்டு நொதியங்களையும் பிடிக்கும் பிறபொருளெதிரியும் ஒரே பட்டையைத்தான் தரும்.

இதோடு அளவையும் சேர்த்துப் பாருங்கள். சாதாரண மனித ஈரலில் 2சி9, 2சி19ஐவிடப் பல மடங்கு அதிகம். கணக்குக்காக 2சி9 நூறு பங்கு, 2சி19 பத்துப் பங்கு என்று வைப்போம். உங்கள் பிறபொருளெதிரி 2சி19ஐ முழுமையாகவும், 2சி9ஐ அதில் பத்தில் ஒரு பங்கு வலுவோடும் பிடிக்கிறது என்று வைப்போம். கேட்டால் எவரும் "மிக நல்ல தெரிவுத்திறன்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் பட்டையில் 2சி19 தந்தது பத்து, 2சி9 தந்ததும் பத்து. பாதிப் பட்டை உங்களுடையது அல்ல. 2சி19ஐயே உருவாக்காத ஒருவரின் ஈரலிலும் பட்டை பாதித் தடிப்போடு தெரியும். "இவரிடம் நொதியம் குறைந்த அளவில் இருக்கிறது" என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடும்போது, அதே முகச்சாயலில் பத்து மடங்கு பேர் நிற்பதைப் போன்றது இது. ஆகவே "இந்தப் பிறபொருளெதிரி நல்லதா" என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. மாதிரியில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

எப்படிச் சோதிப்பது? முதலில் அந்தப் பிறபொருளெதிரி எந்தத் துண்டுக்கு எதிராக உருவாக்கப்பட்டது என்று நிறுவனத்திடம் கேளுங்கள். முழுப் புரதத்தையும் முயலுக்கு ஏற்றியிருந்தால், 91 சதவீதம் பொதுவான பகுதிகளுக்கு எதிராகவும் முயல் பதில் தந்திருக்கும். குறுகிய பெப்டைட்டு என்றால் அது எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டு, யூனிப்ரொட் தரவுத்தளத்தில் நான்கு புரதங்களின் வரிசைகளையும் எடுத்து ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வேறுபடும் 43 இடங்களில் எத்தனை அந்தத் துண்டுக்குள் விழுகின்றன? ஒன்று இரண்டு மட்டும் என்றால் நான் அந்தக் குப்பியை ஈரல் மாதிரிக்குத் தொட மாட்டேன். துண்டின் வரிசையைச் சொல்ல நிறுவனம் மறுத்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, பூச்சிக் கலங்களில் தனித்தனியாக உருவாக்கிய மீள்சேர்க்கை 2சி8, 2சி9, 2சி18, 2சி19 ஆகியவற்றின் மைக்ரோசோம்கள் விலைக்குக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் சம பிக்கோமோல் அளவு எடுத்து ஒரே ஜெல்லில் ஏற்றுங்கள். நொதியம் எதுவும் புகுத்தாத வெறும் பூச்சிக் கல மைக்ரோசோம் ஒரு தடத்தில் இருக்கட்டும். பிறகு 2சி9ஐ மட்டும் பத்து மடங்கு கூட்டி இன்னொரு தடத்தில் ஏற்றுங்கள்; ஈரலின் நிலைமை ஏறக்குறைய அதுதான். எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி, 2சி19*2 என்ற பரம்பரை அலகு வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற ஒருவரின் ஈரல் மாதிரி. அந்த வடிவத்தின் டி.என்.ஏ. வரிசையில் 681ஆம் இடத்தில் ஜி என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கிறது. அதனால் தூது ஆர்.என்.ஏ. தவறான இடத்தில் வெட்டி ஒட்டப்பட்டு, வேலை செய்யும் நொதியம் உருவாவதே இல்லை. அந்த ஈரலில் பட்டை வந்தால் அது 2சி19 அல்ல. அதற்குமேல் வாதிட எதுவும் இல்லை. 2016இல் பிறபொருளெதிரிகளைச் சரிபார்ப்பதற்கென்று ஒரு பன்னாட்டுக் குழு ஐந்து வழிகளை முன்வைத்தது. அவற்றில் முதலாவது இதுவே: இலக்குப் புரதத்தைப் பரம்பரை அலகு மட்டத்தில் இல்லாமல் செய்து, பட்டையும் இல்லாமல் போகிறதா என்று பார்ப்பது. இந்த நொதியத்தில் இயற்கையே அதைச் செய்து வைத்திருக்கிறது.

ஒரு குப்பி வெஸ்டர்ன் புளொட்டில் தேறிவிட்டால் திசு வெட்டுகளிலும் தேறும் என்று நினைக்க வேண்டாம். ஜெல்லில் புரதம் சுருள் அவிழ்ந்து கிடக்கிறது. திசுவிலோ மடிப்புக் குலையாமல், போர்மலினால் இறுகி நிற்கிறது. பிறபொருளெதிரி பிடிக்கும் இடம் ஒன்றில் வெளியே தெரியும், மற்றதில் உள்ளே புதைந்திருக்கும். முயலின் பல்வகைப் பிறபொருளெதிரி என்றால் தொகுதி மாறும்போது குணமும் மாறலாம். ஆகவே தொகுதி எண்ணைக் குறித்து வையுங்கள். புதிய குப்பி வந்ததும் பழையதோடு ஒரே சவ்வில் ஒப்பிடுங்கள். மைக்ரோசோம் மாதிரியில் ஏற்றிய அளவைச் சரிபார்க்க அக்டினையோ ஜி.ஏ.பி.டி.எச்.ஐயோ பயன்படுத்துவதை நிறைய ஆய்வேடுகளில் பார்க்கிறேன். அவை கலத்தின் நீர்ப்பகுதிக்குரியவை. 100,000 ஜி விசையில் சுழற்றிப் படியவைக்கும்போது பெரும்பாலும் மேலே தங்கிவிடும். அதற்குப் பதிலாகச் சிறுவலை மென்சவ்வுக்குரிய கல்நெக்சின் புரதத்தையோ, பொன்சோ சாயத்தில் தெரியும் மொத்தப் புரதத்தையோ பாருங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பட்டை சரியானதே என்று நிறுவிவிட்டாலும் அது சொல்வது புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே. அது வேலை செய்கிறதா என்பதை அல்ல. பக்கத்து வீட்டு 2சி9இன் *3 வடிவத்தைப் பாருங்கள். 359ஆம் இடத்தில் ஐசோலியூசினுக்குப் பதிலாக லியூசின்; புரதம் உருவாகிறது, ஆனால் வார்ஃபரினை மாற்றும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பிறபொருளெதிரிக்கு இந்த ஒரு எழுத்து மாற்றம் தெரியவே தெரியாது. ஒமெப்ரசோல் குடிக்கும் நோயாளியிடம் அந்த மருந்து 2சி19ஐத் தடுக்கிறது. புரதம் அங்கேயே இருக்கிறது, பட்டை மாறாது, குளோபிடோக்ரல் மட்டும் முறையாக மாறாது. நம் நாட்டில் வயிற்று எரிவுக்கு ஒமெப்ரசோல் எவ்வளவு சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே உங்கள் நோயாளர் பட்டியலில் அதற்கு ஒரு நிரல் கட்டாயம் இருக்க வேண்டும்.

புரதத்தை அளப்பது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1997இல் வெளியான ஓர் ஆய்வில், எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த கிரேப்ஃபுரூட் பழத்தின் சாற்றைக் குடித்தவர்களின் சிறுகுடல் சுவரிலிருந்து சிறு துண்டுகள் எடுத்துப் பார்த்தார்கள். பி450 குடும்பத்தின் இன்னொரு நொதியமான 3ஏ4இன் புரத அளவு 62 சதவீதம் குறைந்திருந்தது, தூது ஆர்.என்.ஏ. மாறவே இல்லை. பரம்பரை அலகுச் சோதனையும் ஆர்.என்.ஏ. சோதனையும் காண முடியாத ஒன்றைப் பிறபொருளெதிரி காட்டியது: சாறு நொதியம் உருவாவதைத் தடுக்கவில்லை, உருவான நொதியத்தைச் சிதைத்தது. நம்மூர்ப் பம்பிளிமாசிலும் அதே வகை ஃபுரானோகுமாரின் சேர்மங்கள் இருக்கின்றன என்பதால் இதை இங்கே சொல்கிறேன். சரியான திசுவில், சரியான கேள்விக்கு, இந்தக் கருவிக்கு நிகரில்லை.

உங்கள் கேள்வி குளோபிடோக்ரல் என்பதால் அதற்கான நேர்வழியையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரை விழுங்கியபடியே வேலை செய்வதில்லை. உள்ளே போனதில் ஏறக்குறைய 85 சதவீதத்தை ஈரலின் எஸ்டரேஸ் நொதியம் பயனற்றதாக்கிவிடுகிறது. மீதிதான் பி450 நொதியங்களால் இரண்டு படிகளில் மாற்றப்பட்டு, குருதிச் சிறுதட்டுகளின் பி2வை12 ஏற்பியைப் பூட்டும் வடிவத்தை அடைகிறது. இரண்டு படியிலும் 2சி19க்குப் பங்கு உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 மார்ச்சில் இதுபற்றி மருந்தின் தகவல் தாளில் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிட வைத்தது. 2சி19இன் *2, *3 வடிவங்கள் 1994இல் விவரிக்கப்பட்டவை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் குருதியின் வெண்கலங்களிலிருந்து டி.என்.ஏ.யை எடுத்து, பி.சி.ஆர். செய்து, *2க்கு ஸ்மா1 என்ற வெட்டு நொதியத்தாலும் *3க்குப் பாம்எச்1ஆலும் வெட்டிப் பார்த்தாலே போதும். மாற்றம் உள்ள இடத்தில் அவை வெட்டாது. இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம், கொழும்பில் பி.சி.ஆர். இயந்திரம் உள்ள எந்த ஆய்வுகூடத்திலும் செய்யலாம். தெற்காசியரில் *2இன் பங்கு பரம்பரை அலகுப் பிரதிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அந்தக் கணக்கில் ஒன்பதில் ஒருவர் இரண்டு பிரதியையும், ஒன்பதில் நால்வர் ஒரு பிரதியையும் கொண்டிருப்பர். ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தில் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் தனித் தொகுதியாகவே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, உங்கள் எண்களை அதோடு ஒப்பிடலாம்.

ஆனால் இதிலும் எல்லை உண்டு. அமெரிக்க ஆமிஷ் சமூகத்தினரிடம் செய்யப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், குளோபிடோக்ரலுக்குச் சிறுதட்டுகள் காட்டிய பதிலின் வேறுபாட்டில் *2 விளக்கியது ஏறக்குறைய 12 சதவீதம் மட்டுமே. வயது, உடற்பருமன், நீரிழிவு, மாத்திரையை ஒழுங்காகக் குடிக்காமை எல்லாம் மீதியில் கலந்திருக்கின்றன. ஆகவே பரம்பரை அலகுச் சோதனையோடு சிறுதட்டுத் திரட்சிச் சோதனையையும் சேர்த்துச் செய்தால்தான் "வேலை செய்யவில்லை" என்ற சொல்லுக்கு ஆதாரம் இருக்கும். கலங்கள் வெளியே விட்டுக் குருதியில் மிதக்கும் நுண்பைகளில் ஈரல் நொதியங்களைத் தேடும் முயற்சிகளும் நடக்கின்றன. நம்பிக்கை தரும் துறைதான். ஆனால் அங்கே முதலில் நுண்பைகளைப் பிரித்தெடுக்க வேண்டும், அவற்றில் ஈரலிலிருந்து வந்தவை எவை என்று பிரித்தறிய வேண்டும். நேரடியாகச் சீரத்தை ஜெல்லில் ஏற்றுவது அதற்கு ஈடாகாது.

கையில் இருக்கும் குப்பியை எறிய வேண்டியதில்லை. அதற்குப் பொருத்தமான ஒரு வேலை உண்டு. உங்கள் நோயாளிகளிடம் அமினோ அமிலத்தை மாற்றும் அரிய வடிவம் எதுவும் வரிசைப்படுத்தலில் அகப்பட்டால், அதை ஆய்வுகூடத்தில் வளர்க்கும் ஹெக்293 போன்ற கலங்களில் புகுத்தி, புரதம் நிலையாக உருவாகிறதா என்று இதே பிறபொருளெதிரியால் பார்க்கலாம். அந்தக் கலங்களில் 2சி9 குறுக்கே நிற்பதில்லை. ஈரலில் தவறும் குப்பி அங்கே நம்பிக்கையாக வேலை செய்யும். புகுத்தாத கலம் ஒரு தடத்தில் கட்டாயம் இருக்கட்டும். ஈரல் கலம் என்ற பெயருக்காக ஹெப்ஜி2வைத் தேர்ந்தெடுத்து, அதில் இயல்பாக இருக்கும் நொதியத்தை அளக்க முயல வேண்டாம். அதில் இந்த நொதியங்கள் மிகக் குறைவு.

வைத்திருக்கும் முறையையும் கவனியுங்கள். அரைப்பங்கு கிளிசரோலில் வரும் குப்பி −20 பாகையில் உறையாது. அதைச் சிறு பங்குகளாகப் பிரித்து, தானாகப் பனி உருக்கும் வீட்டு வகைக் குளிர்பெட்டியைத் தவிர்த்து வையுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தக் காலத்துக்கு முன் வாங்கிய குப்பி என்றால், ஆய்வைத் தொடங்கும் முன் மீள்சேர்க்கை 2சி19இல் அதன் வலுவை ஒருமுறை சோதித்துவிடுங்கள். சவ்வின் வெற்றிடங்களை அடைக்கக் கொழுப்பு நீக்கிய பால்மாவையே பயன்படுத்துங்கள். கடையில் கிடைக்கும் முழுக் கொழுப்புப் பால்மா சவ்வில் திட்டுத் திட்டாகப் படியும்.

மேற்பார்வையாளரிடம் போகும்போது முதலாம் பிறபொருளெதிரி இல்லாத அந்தச் சவ்வுப் பாதியையும் எடுத்துக்கொண்டு போங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியில் டி.என்.ஏ. சோதனை சேர்க்கப்படவில்லை என்றால், பழைய மாதிரிகளில் பி.சி.ஆர். செய்வதற்கு முன் திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும்; நோயாளிகளின் ஒப்புதல் படிவமும் அதற்கேற்ப மாற வேண்டும். அதுவரை இந்தப் பட்டைகளை வைத்து எந்த நோயாளியின் மருத்துவரிடமும் எதுவும் சொல்லிவிடாதீர்கள். இதயக் குருதிக்குழாயில் ஸ்டென்ட் வைத்த ஒருவர் தவறான சேதியைக் கேட்டுக் குளோபிடோக்ரலைத் திடீரென நிறுத்தினால், குழாய்க்குள் குருதி உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.